தரங்கம்பாடிப் பிஷப், திருச்சி விலாசம்

கேள்வி: எங்கள் குப்பத்திலிருந்து நடந்தாலே சாந்தோம் கோயில். அதன் பேராயர் அங்கேயேதான் இருக்கிறார். லுத்தரன் சபையின் 'தரங்கம்பாடிப் பேராயர்' மட்டும் ஏன் திருச்சியில் குடியிருக்கிறார்?
- ஒரு வாசகர், நொச்சிக்குப்பம்

பதில்: பிறந்த ஊரைப் பெயரோடு சேர்த்துக்கொண்டு, பிழைக்கும் ஊரில் வீடு பார்ப்பவர்கள்தானே நாம்! அவருடைய பட்டமும் அப்படித்தான். 1706-ல் லுத்தரன் மிஷனரி சீகன்பால்க் வந்து இறங்கிய கரை தரங்கம்பாடி. 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சானதும் அங்கேதான். அந்தப் பெயரை விட மனம் வருமா? 1919-ல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவானது. திருச்சியில் அமைந்த அதன் பேராயர் இல்லத்துக்குத் 'தரங்கம்பாடி இல்லம்' என்றே பெயர் வைத்தார்கள். கடலை விட்டாலும் கடற்கரையை விடவில்லை!

இந்தப் பட்டம் தாங்கியவர்களில் எனக்குப் பிடித்த பேராயர் ராஜா பூஷணம் மாணிக்கம். முதல் மூன்று பேராயர்களும் சுவீடன்காரர்கள். நான்காவதாக, 1956-ல், இவர்தான் முதல் இந்தியர். சீகன்பால்க் வந்து சரியாக 250 வருஷம்! அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், சென்னை மாகாண மிஷன் கல்லூரிகளைப் பற்றி ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்றவர். பேராயராகும் முன்பு உலகத் திருச்சபை அமைப்புகளின் சார்பில் கிழக்காசியா முழுக்கச் சுற்றியவர். இவ்வளவு படித்துச் சுற்றிய ஒருவர் வந்த பிறகுதான் தமிழர் சபைக்குத் தமிழர் தலைவரானார் என்பது எனக்கு இன்றும் வலிக்கிறது. இவருக்கு அடுத்து வந்தவரும் சுவீடன்காரரே, டீல்.

சாந்தோம் பேராயரோடு ஒப்பிட்டு, லுத்தரன் பேராயர் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்றும் கேட்பீர்கள். தாராளமாக! சபைக்குப் பெயர் தந்த மார்ட்டின் லுத்தரே 1525-ல் செய்துகொண்டாரே.