புல்லுப் படிக்கப் போற அம்மிணிக்கு

வா அம்மிணி, உக்காரு. அஞ்சரை வருசம் மாட்டு டாக்டருக்குப் படிச்சுப்போட்டு, மேல்படிப்புக்குக் கால்நடை உணவியல்னு எடுத்திருக்கியாமா. உங்கம்மா போன்ல சொல்லிச் சொல்லி மாஞ்சு போறா. கோயமுத்தூர்ல நாய்க்கு ஆஸ்பத்திரி வெச்சா ஊசிக்கு ஐநூறு வாங்கலாமாம். நீ என்னடான்னா நாமக்கல்லுல போயிப் புல்லைப் படிக்கறேங்கறே. அவ வெசனம் அவளுக்கு. எனக்கு ஒண்ணும் வெசனமில்லை. ஒறம்பரை வந்து "பேத்தி அங்க என்னத்தப் புடுங்கறா"ன்னு கேட்டா, "புல்லு"ன்னு நெசத்தையே சொல்லிப் போடலாம் பாரு.

நீ பரண்ல போட்டுட்டுப் போன பொஸ்தகத்தை எல்லாம் நான் எடுத்துப் படிச்சுட்டேன். மத்தியானத்துல எனக்கு வேற என்ன சோலி? அந்தக் காலத்து எஸ்.எஸ்.எல்.சி., இங்கிலீசு தட்டுத்தடுமாறி வரும். உங்க ஆளுங்க பண்ற கூத்து கொஞ்சமில்லை. தீவனத்தைக் காய வெக்கறாங்க, ஈத்தர்ல போட்டுக் கொழுப்பை உருவறாங்க, ஆசிட்டுல ஒருக்கா, காரத்துல ஒருக்கா வேக வெக்கறாங்க, உலையில போட்டுச் சாம்பலாக்கறாங்க. செருமனியில வீண்டேங்கற ஊர்ல 1860-கள்ல ஆரம்பிச்ச வழக்கமாம். அத்தனையும் போக மிச்சம் ஒண்ணு இருக்குதல்லோ, அதை மட்டும் ஆரும் அளக்கறதில்லை. நூத்துல இருந்து எல்லாத்தையும் கழிச்சு, பாகப்பிரிவினையில கடைசித் தம்பிக்கு உழுகற பங்காட்டம், வந்த எண்ணுக்கு ஒரு பேரு வெச்சு எழுதிப்போடறாங்க.

புரதம் இன்னும் வேடிக்கை. நைட்ரஜனை அளந்து 6.25-ஆல பெருக்குனாப் புரதமாம். நானும் பென்சில் எடுத்துப் போட்டுப் பாத்தேன். யூரியாவுல நைட்ரஜன் 46 சதம். அப்ப நூறு கிலோ யூரியாவுல 287 கிலோ புரதம்! மூட்டையை விடப் புரதம் பெரிசு. இந்தக் கணக்கை நீ படிக்கறதுக்கு முந்தியே தீவனம் விக்கறவன் படிச்சு முடிச்சுட்டான் அம்மிணி. சொத்தைப் புண்ணாக்குல ரெண்டு கை தூவி விட்டாச் சோதனைச் சீட்டுல அது ஒசத்திச் சரக்கு. அதனால புரதம் எத்தனைன்னு பாத்த கையோட யூரியா எத்தனைன்னும் தனியாப் பாத்துரு.

உன்ற மாமனுக்கு டன் கணக்குல பைத்தியம். கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2008-ல உட்ட கோ 4 கம்பு நேப்பியர், எக்டேருக்கு வருசத்துக்கு 380, 400 டன்னுன்னு அச்சடிச்ச தாளைச் சட்டைப்பையில வெச்சுட்டே திரியறான். புல்லு நல்ல புல்லுதான், கொறை சொல்லக் கூடாது. ஆனா அதுல அஞ்சுல நாலு பங்கு தண்ணி. கெணத்துத் தண்ணியை மோட்டார் போட்டு எடுத்து, புல்லுக்குள்ள ஏத்தி, அருவாள்ல அறுத்து, தலைச்சுமையாக் கொண்டாந்து மாட்டுக்குப் போடறான். பொறவு தொட்டியில வேற தண்ணி காட்டறான். உலர் பொருள், உலர் பொருள்னு நீங்க மந்திரம் ஓதறீங்களே, அதை மட்டும் அவன் மண்டையில ஏத்திட்டீன்னா உனக்கு நான் தனியா ஒரு பட்டம் தர்றேன். 45 நாளைக்கு ஒருக்கா அறுக்கோணும். ஆள் கெடைக்கலைன்னு எம்பது நாள் உட்டுருவான். தண்டு முத்தி, நார் ஏறி நிக்கும். மாடு எலையை மட்டும் உருவித் தின்னுட்டுத் தண்டை மூக்குல தள்ளி உட்டுரும். "மாட்டுக்குக் கொழுப்பு"ங்கறான். கொழுப்பு எத்தனை சதம்னு நீ வந்து ஈத்தர்ல போட்டுச் சொல்லு.

நம்ம கொரங்காட்டைப் பாக்கவும் உங்க வாத்தியாருங்க வருவாங்க. கொழுக்கட்டைப் புல்லு, நடுநடுவால வெள்வேலாமரம், சுத்தியும் கிளுவை வேலி. மழை கொறைஞ்ச சீமையில காங்கயம் மாடு இதுல மேஞ்சு வளந்ததுதான். காய் உதுந்தா ஆடு பொறுக்கிக்கும். அதைப் பாத்துட்டு, எல்லாம் நம்ம முப்பாட்டன் கண்டதுதான்னு எவனாவது மேடை போட்டுப் பேசுவான். கைதட்டிட்டு வந்துரு. பதினஞ்சு லிட்டர் கறக்கற கலப்பின மாட்டை அங்க கொண்டு போயி மேய உட்டா, அது வெயில்ல மூச்சு வாங்கிட்டு மரத்தடியில படுத்துக்கும். அப்பறம் பாலை முப்பாட்டன்கிட்டத்தான் கேக்கோணும்.

இதைக் கேளு. உங்கம்மா பொறக்கறதுக்கு முந்தி, கெழக்காலக் காட்டுல மானாவாரிச் சோளம் முழங்கால் ஒசரத்துல வாடி நின்னுது. ஒரு மழை பேஞ்சு அடியில கருகருன்னு துளுத்துது. ஒரு செவலை மாடு கயித்தை அறுத்துட்டுப் போயி நாலு வாய் மேஞ்சுது. அவ்வளவுதான். வாயில நுரை, கால் தள்ளாட்டம், மூச்சு இழுப்பு, வைத்தியனைக் கூப்புட ஆள் போறதுக்குள்ள உழுந்து போச்சு. அறுத்துப் பாத்தவன், ரத்தம் செக்கச்செவேல்னு இருக்குது, நான் இப்படிப் பாத்ததே இல்லைன்னான். அந்த ஒத்தச் சொல்லு போதுமல்லோ நம்ம ஊருக்கு? பங்காளி வெச்ச செய்வினைன்னு பூசாரி முடிவு சொல்லிட்டாரு. ரெண்டு ஊட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்னுது, ஒருத்தன் ஊட்டு எழவுக்கு இன்னொருத்தன் போகலை, வாய்க்கால் தண்ணிக்குக் கோர்ட்டு வரைக்கும் ஏறி எறங்குனாங்க.

உன்ற பொஸ்தகம் அதை ஒரே பத்தியில முடிச்சுருச்சு. இளஞ்சோளத்துல, அதுலயும் வாடித் துளுத்ததுல, சயனைடா மாறற சரக்கு இருக்குதாம். மாட்டு வயித்துல இருக்கற நுண்ணுயிர் அதைப் பிரிச்சு உட்டுருதாம். ரத்தத்துல ஆக்சிஜன் இருந்தும் ஒடம்பு அதை எடுத்துக்க முடியாதாம். அதனாலதான் அந்தச் செவப்பு. பூ எடுத்த பொறவு அறுத்துப் போட்டா அந்தப் பயம் ரொம்பக் கொறைவாம். மருந்து சோடியம் நைட்ரைட்டும் சோடியம் தயோசல்பேட்டும். ரெண்டாவது சொன்னது ஆரு தெரியுமா? போட்டோ ஸ்டுடியோவுல அப்பப் பிலிம் கழுவுன ஹைப்போதான். மருந்துல பாதி பஸ் ஸ்டாண்டு போட்டோக் கடையில இருந்திருக்குது. ஊரே பூசாரியைத் தேடிட்டு ஓடுச்சு. போன மாசம் இதையெல்லாம் அந்தச் செவலைமாட்டுக்காரன்கிட்ட வெவரமாச் சொன்னேன். பொறுமையாக் கேட்டான். கேட்டுப்போட்டு, "அது சரி, சோளத்துல வெசத்தை வெச்சது ஆருன்னு பொஸ்தகத்துல போட்டிருக்குதா?"ன்னான். இவங்களுக்குத்தான் நீ புத்தி சொல்லப் போறே.

மாட்டுப் பொங்கல் முடிஞ்ச மறுநாள் டாக்டருக்குப் போன் மேல போன் வரும், நீயே பாத்திருப்பே. பொங்கச்சோத்தை வாளி வாளியா வெச்சிருப்பாங்க. கல்யாண ஊட்டுல மிஞ்சுன சோறும் அப்படித்தான் கட்டுத்தரைக்குப் போகும். சோத்தைக் கண்டதும் வயித்துல அமிலம் ஏறி, நாரைச் செரிக்கற நுண்ணுயிர் சாகுது, அசை நின்னு போகுது. மாட்டு வயித்துக்குள்ள நடக்கற இந்த மாதிரி வெவரமெல்லாம் கண்டுபுடிக்கத்தான் உங்க ஆளுங்க மாட்டு வெலாவுல ஓட்டை போட்டு, ரப்பர் மூடி மாட்டி, கையை உட்டுப் பாத்தாங்க. அது கெடக்கட்டும். மறுநாள் வந்து ஆப்பசோடா கரைச்சு ஊத்தற டாக்டருக்குப் பணமும் கெடைக்கும், காப்பியும் கெடைக்கும், வாசல் வரைக்கும் வந்து வழியனுப்புவாங்க. மொதநாளே போயிச் சோறு வெக்காதீங்கன்னு சொல்ற உனக்கு என்ன கெடைக்கும்? "நோம்பியன்னிக்கு வாயில்லாச் சீவனுக்கு ஒரு வாய்ச் சோறு போடக் கூடாதாமா, இதுக்கொரு படிப்பு"ன்னு கெடைக்கும். வராத நோவுக்கு எவனும் பீஸ் குடுக்க மாட்டான் அம்மிணி. உன்ற பொழப்பே அந்த வராத நோவுதான்.

அதனால கொஞ்சம் கள்ளத்தனம் பழகிக்க. மாமன்கிட்டப் போயி "நீங்க பண்றது தப்பு"ன்னு சொன்னீன்னா, சாகற வரைக்கும் அதையே பண்ணுவான். எதுத்த தோட்டத்துக்காரன்கிட்டப் போ. நூறு கிலோ வைக்கோலுக்கு நாலு கிலோ யூரியாவைத் தண்ணியில கரைச்சுத் தெளிச்சு, தார்ப்பாய் போட்டு 21 நாள் காத்துப் போகாம மூடி வெக்கச் சொல்லு. ஆருகிட்டயும் சொல்லாதீங்கன்னு சத்தமாச் சொல்லிட்டு வா. மாமன் வேலிக்கு மேல எட்டிப் பாப்பான். மூணாம் வாரம் அவன் கட்டுத்தரையிலயும் ஒரு தார்ப்பாய் கெடக்கும், தானே கண்டுபுடிச்சதாட்டம் உனக்கே பாடம் எடுப்பான். நீ வாயைத் தொறந்து வெச்சுட்டுக் கேட்டுக்கோணும்.

உங்க அம்முச்சிகிட்ட மட்டும் எந்தத் தந்திரமும் பலிக்காது. தீவனத்தைக் கெடாம ஊறுகாய்ப் புல்லாப் போட்டு வெக்கற வழி கண்டதுக்காகப் பின்லாந்துக்காரர் விர்டானெனுக்கு 1945-ல நோபல் பரிசே குடுத்தாங்கன்னு சொன்னேன். மாங்காய் வெட்டிட்டு இருந்தவ தலையைத் தூக்காம, "ஆரு ஊட்டு ஊறுகாய்க்கு?"ன்னா.

சரி, பஸ்ஸுக்கு நேரமாச்சு. நாமக்கல்லுல தீவனம் சோதிக்கற லேப் இருக்குதல்லோ? கோழிப்பண்ணைக்காரங்க மட்டுமா சோதிக்கோணும், இந்தப் பொட்டணத்தையும் கொண்டு போ. பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு. யூரியா, பூஞ்சணம், மண்ணு, மூணையும் பாக்கச் சொல்லு. ஆமா, ஆசிட்டுல கரையாத சாம்பல் எச்சா இருந்தா மண்ணு, அதையும் படிச்சுட்டேன். எந்தக் கடைச் சரக்குன்னு மட்டும் எழுதாதே. அந்த வேபாரிக்கு மூணு மூட்டைக் காசு இன்னும் பாக்கி. சீட்டு வந்த பொறவு பேசிக்கலாம்னு நிறுத்தி வெச்சிருக்கேன்.