முன்கச்சேரிக்காரரைக் கண்டுபிடித்தல்: திருச்சி, ஸ்ரீரங்கம் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

பெரிய வித்வான் ஆறரை மணிக்கு. அதற்கு முன் நாலரைக்கு யாரோ ஒரு பெண் பாடுகிறாள். அழைப்பிதழில் அவள் பெயர் பொடி எழுத்தில், சமயத்தில் பிழையோடு இருக்கும். இப்படி ஒருவரை ரசிகர் 'கண்டுபிடிப்பது' எதனால்? காதின் நுட்பத்தால் என்பது மரபான கொள்கை. டவுன் பஸ்ஸால் என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

2. களத் தரவு

ஸ்ரீரங்கத்து ரசிகர் காவிரிப் பாலத்து நெரிசலைக் கணக்குப் போட்டு, ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் சீக்கிரமே ஏறுகிறார். அன்றைக்கென்று பாலம் காலி. நாலரைக்கும் முன்பே சபாவுக்கு வந்துவிடுகிறார். மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலி பிடித்து, துண்டைப் போட்டுவிட்டுக் காபிக்குப் போனால், "பால் இன்னும் காயலை" என்கிறது கேன்டீன். வேறு போக்கிடமில்லை, உட்காருகிறார்.

3. கண்டுபிடிப்பின் நிலைகள்

அ) அலட்சியம்: வர்ணம் முடியும்வரை நாளிதழ் புரட்டுதல்.

ஆ) ஐயம்: கரகரப்பிரியா ஆலாபனையில் நாளிதழ் மடிகிறது. தலை ஒருமுறை ஆடிவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று சுற்றுமுற்றும் பார்க்கிறது.

இ) விசாரணை: "யார் ஸார் இந்தப் பொண்ணு? யார்கிட்டச் சிட்சை?" குருவின் பெயர் தெரிந்ததும், "அதானே பார்த்தேன்!" இந்த 'அதானே' வந்த பிறகே கண்டுபிடிப்பு செல்லுபடியாகும்.

ஈ) பாத்தியதை: மறுநாள் சித்திரை வீதியில், "நான் அப்பவே சொன்னேன்." யாரிடம் சொன்னார் என்பது ஆய்வுக்கு அகப்படவில்லை.

4. வரலாற்றுச் சான்று

1927-இல் மலைக்கோட்டை நூற்றுக்கால் மண்டபத்தில் பதினோரு வயது எம். எஸ். சுப்புலட்சுமி பாடினார். வயலின் மைசூர் சௌடய்யா, மிருதங்கம் தட்சிணாமூர்த்திப் பிள்ளை. பக்கவாத்தியத்துக்கென்றே வந்து, பாட்டில் மாட்டிக்கொண்டவர்கள் இருந்திருப்பார்கள் என்று கொள்ள இடமுண்டு. 'ஈ' நிலையின் விதிப்படி, "அன்னிக்கு நான் அங்கே இருந்தேன்" என்று சொல்லியிருக்கக்கூடியவர்களை உட்கார வைக்க ஸ்ரீரங்கத்து ஆயிரங்கால் மண்டபமும் பத்தாது.

கச்சேரியை ஏற்பாடு செய்தவர் எஃப். ஜி. நடேச ஐயர். சிறுவன் எம். கே. தியாகராஜ பாகவதரின் குரலைக் கேட்டு, அரிச்சந்திரா நாடகத்தில் லோகிதாசனாக மேடையேற்றியவரும் அவரே. ரயில்வேயில் உத்தியோகம் பார்த்தவர். எதற்கும் நேரத்துக்கு முன்பே போய் உட்காரும் பழக்கம் அங்கிருந்து வந்திருக்கலாம் என்பது எம் ஊகம். கருதுகோளுக்கு மிக வசதியான ஊகமும்கூட.

5. மறுப்பும் விடையும்

"நல்ல சங்கீதம் எப்படியும் காதில் விழும்" என்பர். அதே கரகரப்பிரியா ஒலிபெருக்கி வழியாகக் கேன்டீனுக்கும் போகிறது. அங்கே யாரும் எதையும் கண்டுபிடித்ததாகத் தகவல் இல்லை. பஜ்ஜி கிடைக்கிற இடத்தில் மேதைமை எடுபடாது.

துவாக்குடிப் பக்கம் என்.ஐ.டி.யின் ஃபெஸ்டம்பர் போன்ற விழாக்களிலும் இதே விதிதான். பெயர் பெற்ற குழுவுக்காக முன்வரிசையைப் பிடித்தவர்களுக்கு, பெயர் தெரியாத முதல் குழுவின் கிட்டாரைக் கேட்பதைத் தவிர வழியில்லை. விட்டுப் போனால் இடம் போய்விடும். 'அதானே' மட்டும் அங்கே 'செம மச்சி' ஆகிறது.

6. பரிந்துரை

சபாக்கள் பெரிய வித்வானின் நேரத்தை ஒன்றரை மணி முன்னதாக அச்சடிக்க வேண்டும். முன்கச்சேரி மங்களம் பாடி முடியும்வரை கேன்டீனில் அடுப்பு பற்றக் கூடாது. இதில் ஒரு சிக்கல்: அழைப்பிதழை நம்பிப் பெரிய வித்வானும் சீக்கிரம் வந்துவிடலாம். வரட்டும், கேட்க வேண்டியவர்களில் அவரும் ஒருவர்.