ஓரத்து நீதிபதி

இரவல் வாங்கிய புத்தகத்தைத் திருப்பித் தராதவர்களைப் பற்றி ஊரே புலம்புகிறது. நான் புலம்புவது, தவறாமல் திருப்பித் தருகிறவரைப் பற்றி. சொன்ன தேதிக்கு வந்து நிற்பார். அட்டை கசங்கியிருக்காது, பக்கம் மடங்கியிருக்காது, காபிக் கறை கிடையாது. உள்ளே புரட்டினால் மட்டும், ஒவ்வொரு பக்கத்து ஓரத்திலும் அவர் பச்சை மையில் உட்கார்ந்திருப்பார்.

இப்படிப்பட்டவர்கள் பெரும்பாலும் ரிட்டயர்டு ஆனவர்கள். சர்வீஸில் இருந்தவரை ஃபைலில் குறிப்பு எழுதியே பழகிய கை, பென்ஷன் வந்தபிறகும் சும்மா இருப்பதில்லை. எங்கள் சித்தூரில் இந்த ரகத்துக்குக் கூடுதல் வசதி ஒன்று உண்டு. 1911 வரை வட ஆற்காட்டுக்குத் தலைநகரமாக இருந்து, தனி ஜில்லாவாகி, 1953-ல் ஆந்திராவோடு போன ஊர் என்பதால் மூன்று மொழியிலும் எழுதுவார்கள். நம்மவர் பாராட்டுவது தமிழில், சந்தேகப்படுவது தெலுங்கில், தீர்ப்பு சொல்வது இங்கிலீஷில். தீர்ப்புகள்தான் அதிகம்.

திருப்பதியில் பழைய புத்தகமாக வாங்கிய ராபின் குக்கின் ‘குரோமோசோம் 6’ நாவலை அவரிடம் கொடுத்தது என் ஜாதகக் கோளாறு. 1997-ல் வந்த மெடிக்கல் த்ரில்லர். நியூயார்க்கில் சுட்டுக் கொல்லப்பட்ட ஒரு தாதாவின் பிணம் சவக்கிடங்கிலிருந்து காணாமல் போகிறது. பிறகு தலையும் கையும் இல்லாமல் தண்ணீரில் மிதக்கிறது. அறுத்துப் பார்த்தால், ஆசாமிக்கு ஏற்கெனவே கல்லீரல் மாற்று ஆபரேஷன் ஆகியிருக்கிறது. யாருடைய கல்லீரல் என்று தேடிக்கொண்டு ஆப்பிரிக்காவுக்குப் போகிற கதை. அங்கே எக்குவட்டோரியல் கினியில் ஒரு கம்பெனி, போனபோ என்கிற மனிதக் குரங்குகளின் கருவில் பணக்காரர்களின் மரபணுவை ஒட்டி, ஆளுக்கொரு குரங்கைத் தீவில் வளர்த்து வருகிறது. பணக்காரருக்கு ஈரல் கெட்டால் குரங்கின் ஈரல் தயார்.

இதில் எதையும் நான் நாவலைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. முதல் பக்கத்து ஓரத்திலேயே அவர் எழுதிவிட்டார். தலைப்புக்குக் கீழே, ‘கல்லீரல் குரங்குடையது. 100-க்கு 38. ஜஸ்ட் பாஸ்.’

மார்க் போடுவது இவர்களுக்கு மூச்சு விடுகிற மாதிரி. அத்தியாயத்துக்கு அத்தியாயம் மார்க். நல்ல வசனத்துக்கு ஒரு டிக், மிக நல்ல வசனத்துக்கு ரெண்டு டிக், காதல் காட்சிக்கு அலையாக ஒரு கோடும் ‘தேவையா?’ என்ற கேள்வியும். அந்தக் கோடு மட்டும் ரொம்ப நிதானமாகப் போடப்பட்டிருக்கும், அந்தப் பக்கத்தில் அதிக நேரம் தங்கியிருக்கிறார் என்று தெரியும். ‘ப.47 காண்க’ என்று ஓரிடத்தில் இருந்தது. 47-க்குப் போனேன். ‘ப.212 காண்க.’ 212-க்குப் போனேன். ‘ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.’

குற்றவாளியைப் பிடிப்பதில் அவருக்குத் தனி வேகம். யாராவது கதைக்குள் வந்து பெயரைச் சொல்லிக்கொண்டால் போதும், அந்தப் பெயரை வட்டம் போட்டு ‘இவன்தான்’ என்று எழுதிவிடுவார். நாலு பக்கம் கழித்து இன்னொருவன், ‘இவன்தான்.’ முதல் இவன்தான் மேல் அடித்தல். இப்படியே சவக்கிடங்குக் காவலாளி முதல் கம்பெனி விஞ்ஞானி வரை ஆஜரான அத்தனை பேரும் ஒருமுறை இவன்தான் ஆகியிருந்தார்கள். ஒருவன் கடைசியில் நிஜமாகவே சம்பந்தப்பட்டவன் என்று தெரிந்ததும், பின்னால் போய் அந்தப் பழைய அடித்தலை மட்டும் அடித்துவிட்டு, ‘அன்றே சொன்னேன்’ என்று கையெழுத்தும் போட்டிருந்தார்.

இதையெல்லாம் மன்னிக்கலாம். விஞ்ஞானம் வரும் இடங்களில்தான் மனிதர் விஸ்வரூபம் எடுப்பார்.

நம் உடம்பு, வெளியாளின் உறுப்பை அடையாளம் கண்டு விரட்டுவதற்குக் காரணமான எச்.எல்.ஏ. மரபணுக்கள் 6-ஆம் குரோமோசோமின் குட்டைக் கையில் இருக்கின்றன. ராபின் குக் விட்ட கதை இல்லை, நிஜம். நாவலில் வரும் விஞ்ஞானி, பணக்காரரின் அந்தக் குட்டைக் கையை அப்படியே வெட்டிக் குரங்கின் கருவில் சேர்த்துவிடுகிறான். அந்த இடத்தில் ஓரம் முழுக்கப் பச்சை. ‘அபத்தம்! குட்டைக் கையில் எச்.எல்.ஏ. மட்டுமா இருக்கிறது? நூற்றுக்கணக்கில் வேறு ஜீன்கள் இருக்கின்றன. அதெல்லாம் குரங்குக்குப் போனால் குரங்கு மனுஷன் மாதிரி ஆகிவிடாதா? இதுகூடத் தெரியாமல் ஒரு டாக்டர் நாவல் எழுதலாமா? ஆசிரியர் கண் டாக்டராம். கண்ணைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கலாம்.’ கீழே ரெட்டைக் கோடு. ஐந்து மார்க் கழிவு.

அதைத் தாண்டிப் போனால், அந்த விஞ்ஞானி ஆஸ்பத்திரி ஜன்னல் வழியாகப் பார்க்கிறான். ஆளே இல்லாத குரங்குத் தீவிலிருந்து புகை எழும்புகிறது. குரங்குகள் தீ மூட்டக் கற்றுக்கொண்டுவிட்டன. குட்டைக் கையோடு மற்ற ஜீன்களும் போய், குரங்குகள் மனிதர் பக்கமாக நகர ஆரம்பித்துவிட்டன. நாவலின் மொத்த பயமே இதுதான். நம்மவர் பிழை என்று கண்டுபிடித்தது, ஆசிரியர் ஒளித்து வைத்திருந்த முடிச்சு.

ஒரு சாதாரண மனிதர் இந்த இடத்தில் என்ன செய்வார்? பழைய குறிப்பை அடித்துவிட்டு வாயை மூடிக்கொள்வார். இவர் புகை வந்த பக்கத்தில் எழுதியிருக்கிறார்: ‘ப.60-ல் நான் சுட்டிக்காட்டியதை ஆசிரியர் இங்கே ஏற்றுக்கொண்டுவிட்டார். மகிழ்ச்சி.’ கழித்த ஐந்து மார்க்கைத் திருப்பித் தரவில்லை.

அதன் கீழே பென்சிலில் பொடியெழுத்தாக ஒரு பதில்: ‘அங்கிள், ஏற்றுக்கொள்ள அவர் உங்களுக்குக் கடுதாசியா போட்டார்? இது பிழை இல்லை, இதுதான் கதை.’

எழுதியது என் அக்கா மகள். திருப்பதியில் வெங்கடேஸ்வரா கால்நடைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். லீவுக்கு வந்தவள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போய், திருப்பதி பாசஞ்சரில் பாகாலா தாண்டுவதற்குள் கதையை விட்டுவிட்டு ஓரங்களை மட்டும் படித்து முடித்திருக்கிறாள். பென்சிலால் எழுதினாளே, அந்த நாகரிகத்தைச் சொல்ல வேண்டும். புத்தகம் மறுபடி அவரிடம் போயிற்று (நான் கொடுக்கவில்லை, அவரே எடுத்துக்கொண்டார்). பச்சையில் பதில் வந்தது: ‘பாப்பா, நீ படிக்கிற பிள்ளை. அனுபவம் வேறு.’

அப்புறம் அது கதைக்கு வெளியே தனிக் குடித்தனமாக நடந்தது. குரங்குக்கு 48 குரோமோசோம், நமக்கு 46, எப்படி ஒட்டும் என்று அவர். குரங்கிடம் தனித்தனியாக இருக்கிற ரெண்டு, நம்மிடம் ஒட்டிப்போய் 2-ஆம் குரோமோசோமாக இருக்கிறது, 6-க்கு அதில் சம்பந்தமில்லை என்று அவள். யானைத் தலை ஒட்டின பிள்ளையார் கணக்கில் வருமா என்று அவர். காணிப்பாக்கம் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் அதிசயம். நூறு கௌரவர்களும் டெஸ்ட் டியூப் குழந்தைகள் என்று 2019 இந்திய அறிவியல் மாநாட்டிலேயே ஆந்திரப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பேசியிருக்கிறார் என்று அடுத்த வரியில் ஆதாரமும் காட்டியிருந்தார். அவள் பதிலுக்கு ஒரு ஆச்சரியக்குறி மட்டும் போட்டிருந்தாள். புங்கனூர் மாட்டின் ஜீனைத் திருத்தி உயரமாக்கினால் விவசாயிக்கு லாபம் என்று அவர் யோசனை சொன்ன இடத்தில்தான் பெண் பொறுமை இழந்திருக்கிறாள். ‘அங்கிள், புங்கனூர் மாட்டுக்கு மதிப்பே குட்டையாக இருப்பதால்தான்!’

இந்த அமளியில் ராபின் குக் எழுதின வரிகள் நடுவில் ஒண்டுக்குடித்தனமாகக் கிடந்தன.

மை நிறம் மாறுவதையும் சொல்லிவிடுகிறேன். முதல் வாசிப்பில், மிருகத்தின் உறுப்பை மனிதனுக்கு வைப்பது பற்றி அவருடைய தீர்ப்பு: ‘நடக்கவே நடக்காது.’ 2022 ஜனவரியில் அமெரிக்காவில் மேரிலாண்டில், பத்து மரபணு மாற்றம் செய்த பன்றியின் இதயத்தை ஒரு மனிதருக்கு வைத்தார்கள். அவர் இரண்டு மாதம் உயிரோடு இருந்தார். நம்மவர் வீட்டுக்கே வந்து புத்தகத்தை வாங்கி, நீல மையில் ‘நடக்கும்’ என்று எழுதிவிட்டுப் போனார். அந்த மனிதர் இறந்த செய்தி வந்தது. திரும்ப வந்தார். ‘ஆனால் நிலைக்காது.’ 2024 மார்ச்சில் பாஸ்டனில், 69 இடத்தில் மரபணு திருத்திய பன்றிச் சிறுநீரகம். ‘நிலைக்கலாம்.’ மே மாதம் அந்த நோயாளியும் போய்ச் சேர்ந்தார். ‘பார்ப்போம்.’ இதற்கு நடுவே, 1997-லேயே அஸ்ஸாமில் தனிராம் பருவா என்கிற டாக்டர் பன்றி இதயம் வைத்ததையும், நோயாளி ஒரு வாரத்தில் இறந்ததையும், டாக்டர் ஜெயிலுக்குப் போனதையும் எங்கோ பிடித்துக்கொண்டு வந்து, ‘நாவல் வந்த அதே வருஷம்! நம் ஆளை எவன் மதித்தான்?’ என்று சிவப்பில் எழுதினார். அந்த ஒரு குறிப்பு எனக்குப் பிடித்திருந்தது. அதற்காகச் சிவப்பு வேண்டுமா?

இவ்வளவு எச்.எல்.ஏ. இவருக்கு எங்கிருந்து தெரிந்தது என்று எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. பேங்கிலோ பஞ்சாயத்திலோ வேலை பார்த்தவருக்குக் குட்டைக் கை, நெட்டைக் கை எல்லாம் எப்படி? நாவலில் மேட்சிங் பற்றி வருகிற ஒரு பத்தியின் பக்கத்தில், வழக்கமான கூச்சல் இல்லாமல், சின்னதாக எழுதியிருந்தது: ‘எனக்குப் பாதி. தங்கைக்கு முழுசு.’

கேட்டேன். தம்பிக்குச் சிறுநீரகம் போய்விட்டதாம். சித்தூரில் யாருக்கு எது முடியாமல் போனாலும் 35 கிலோமீட்டர் சொச்சம் தள்ளி வேலூருக்குத்தான் வண்டி கட்டுவோம். அங்கே சி.எம்.சி.யில் 1971-லேயே சிறுநீரக மாற்று ஆபரேஷனைத் தொடங்கிவிட்டார்கள். இவர் ஆற்காடு ரோடு லாட்ஜ் ஒன்றில் அட்டெண்டராக மாசக்கணக்கில் கிடந்திருக்கிறார். அந்த லாட்ஜ்களில் அடுப்பும் பாத்திரமும் வாடகைக்குக் கிடைக்கும். கஞ்சி வைத்து எடுத்துக்கொண்டு போய், காரிடாரில் உட்கார்ந்து, கையில் கொடுத்த ரிப்போர்ட்டை எழுத்தெழுத்தாகப் படித்திருக்கிறார். கூடப்பிறந்தவர்களுக்குள் முழுசாகப் பொருந்துவது நாலில் ஒரு பங்கு வாய்ப்பு, பாதி பொருந்துவது பாதி வாய்ப்பு என்று அங்கே யாரோ ஒரு டாக்டர் தாளில் கட்டம் போட்டுக் காட்டியிருக்கிறார். பாதி இருந்தாலே போதும், தம்பிக்கு நான்தான் கொடுப்பேன் என்று இவர் அடம் பிடித்திருக்கிறார். தங்கை சண்டை போட்டுக் கொடுத்தாள்.

“ஏன் சார், இதையெல்லாம் நாலு வரி சேர்த்து எழுதியிருக்கலாமே?” என்றேன்.

“இடம் பத்தல.”

அவர் எழுதாமல் விட்ட ஒரே இடம் அதுதான். பின் அட்டையின் உள்பக்கத்தில் ஒரு செய்தித்தாள் துண்டைப் பசை போட்டு ஒட்டியிருந்தார். வேலூரில் ஹீமோபிலியா நோயாளிகள் ஐந்து பேரின் ஸ்டெம் செல்லை எடுத்து, ரத்தம் உறைவதற்கு வேண்டிய எட்டாவது காரணியின் ஜீனைச் சேர்த்துத் திருப்பி ஏற்றியதில், அவர்களுக்கு ரத்தப்போக்கு நின்றுவிட்டது என்று 2024 டிசம்பரில் வந்த செய்தி. மார்க் எதுவும் போடவில்லை. ‘கதை இல்லை, நிஜம்’ என்று மட்டும் தமிழில்.

அதற்காக விட்டுவிட முடியுமா? அதே சாயங்காலம், “பாக்கெட்ல ஒரு கொலை நாவல் வச்சிருக்கேன், படிங்க” என்று ஒரு புத்தகத்தை நீட்டினார். முதல் பக்கத்தில் நூலக முத்திரை. இரண்டாம் பக்கத்தில் ‘தோட்டக்காரன்’ என்று பச்சையில்.

என் புத்தகத்தில் எழுதினால் அது எங்கள் ரெண்டு பேர் வழக்கு. இது ஊர்ப் புத்தகம். நூலகத்தில் ஃபேனுக்கடியில் இடம் பிடித்து, முதல்முறையாக ஒரு துப்பறியும் கதையைத் திறக்கிற பத்தாம் கிளாஸ் பையன், கொலை விழுவதற்கு முன்னாலேயே தோட்டக்காரனைத் தெரிந்துகொண்டு என்ன செய்வான்? அந்தப் புத்தகத்தை மாற்றி வாங்க அரசாங்கம் இன்னும் எத்தனை வருஷம் எடுக்கும்? இதை அவரிடம் முகத்துக்கு நேராகவே சொன்னேன். கேட்டுக்கொண்டார். மறுநாள் கடையில் கெட்டி அட்டை போட்ட இருநூறு பக்க நோட்டு ஒன்றும், பச்சை ரீஃபில் நாலும் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

“உங்க அபிப்பிராயம் பூரா இதுல எழுதுங்க. பக்க எண் போட்டு எழுதுங்க. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.”

புரட்டிப் பார்த்தார்.

“நோட்டுல எழுதினா யாரு சார் படிப்பாங்க?”

ரீஃபில்களை மட்டும் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். நோட்டு, பேரனுக்குக் கணக்குப் போட உதவுமாம்.