கலால் வரியே, நீ வாழ்க!

பெட்ரோல், டீசல் மீது அமர்ந்திருக்கும் மத்திய கலால் வரியே, உன் பெருமையைச் சொல்ல அந்தமானை விடப் பொருத்தமான ஊர் கிடையாது. இங்கே உள்ளூர் மதிப்புக்கூட்டு வரி 1 சதவீதம்தான். நாட்டிலேயே மலிவான பெட்ரோல் என்று பெயரெடுத்த தீவு. ஆகவே பங்க்கில் நாங்கள் கட்டும் வரியில் ஏறக்குறைய அத்தனையும் உனக்கே. பங்காளி இல்லாத சொத்து!

உன் துணிச்சல் யாருக்கு வரும்? 2020 ஏப்ரலில் கச்சா எண்ணெய் பீப்பாய் 20 டாலர் அளவுக்கு இறங்கிக் கிடந்தது. ஊரடங்கில் ஹேவ்லாக் தீவுக்குப் போக ஆளில்லை, அபர்தீன் பஜார் ஆட்டோக்காரருக்குச் சவாரியில்லை. அந்த நேரத்தில் கை நீட்ட எவரும் கூச்சப்படுவார்கள். நீயோ மே 6 அன்று பெட்ரோலில் 10 ரூபாயும் டீசலில் 13 ரூபாயும் ஒரே மூச்சில் ஏறினாய். 2014 தொடக்கத்தில் லிட்டர் டீசலில் 4 ரூபாயைக்கூடத் தொடாத நீ, 31 ரூபாய் 83 காசுக்கு வளர்ந்தாய். அடக்கமும் உண்டு உனக்கு. உலகச் சந்தை எங்களுக்கு விட்டுக்கொடுத்த தள்ளுபடியை வழியிலேயே வாங்கிக்கொண்டதால், அன்று விலைப் பலகையில் நீ கண்ணில் படவில்லை. ஜூன் 7 முதல் மூன்று வாரம் தினமும் விலை ஏறியபோதுதான் ஊர் விழித்தது.

பாரபட்சமும் அறியாதவன் நீ. சொகுசுக் காருக்கும் ஜங்லிகாட் மீன்பிடி டிங்கிக்கும் பங்க்கில் உன் கணக்கு ஒன்றுதான். விடியுமுன் கேனைச் சாய்த்து எஞ்சினுக்கு டீசல் ஊற்றுகிற மீனவர், புனலில் ஒட்டிய கடைசிச் சொட்டையும் விரலால் வழித்து உள்ளே விடுகிறார். வலை வெறுமையாகத் திரும்பினாலும் உன் பங்கு முன்கூட்டியே கட்டியாகிவிட்டது. வருமான வரி லாபம் வந்த பிறகுதான் வாசலுக்கு வரும். நீ அதுவரை காக்க வைப்பதில்லை.

உன் உழைப்பும் பெரிது. ஒரு மூட்டை வெங்காயத்தோடு கோயம்பேட்டிலிருந்து துறைமுகம் வரை வருகிறாய். கப்பல் போர்ட் பிளேர் சேர்ந்ததும் லாரியேறி, அந்தமான் ட்ரங்க் ரோட்டில் 300 கிலோமீட்டருக்கு மேல் கடந்து டிக்லிபூர் மளிகைக் கடைவரை போகிறாய். வண்டிக்காரர் டயருக்குக் கட்டிய ஜி.எஸ்.டி.யைக் கழித்துக்கொள்ளவாவது சட்டத்தில் வழி இருக்கிறது. 2017 முதல் ஜி.எஸ்.டி.க்கு வெளியே நிற்கும் உன்னைக் கழிக்க வழியே கிடையாது. வாடகையில் ஏறுகிறாய், சரக்கு விலையில் ஏறுகிறாய், கால் கிலோ வாங்க வருகிறவரின் பையோடு வீடுவரை போகிறாய்.

இரக்கமும் காட்டினாய். 2021 நவம்பரிலும் 2022 மே மாதத்திலும் இறங்கினாய். 2025 ஏப்ரலில் 2 ரூபாய் மறுபடி ஏறிக்கொண்டாய்.

புகழ்ந்தது போதும். தில்லிக்கு ஒரு வேண்டுகோள்: டீசலை ஜி.எஸ்.டி.க்குள் கொண்டுவாருங்கள். அதுவரை, கடல் தாண்டி வரும் சரக்கைத் தீவுக்குள் சுமக்கிற லாரிகளுக்காவது கலாலைத் திருப்பிக் கொடுங்கள்.