ஆறாவது எண்ணு

ஏ பேராண்டி, அஞ்சு போகமும் தக்காளி நல்ல விலைக்குப் போச்சு, ஆறாவதும் போகும்னு பேங்குல கடன் கேட்டிருக்கியாமே? பேஷ்! பெரிய மனுசன் புத்திடா ஒனக்கு. பிரான்சுல துலூஸ்னு ஒரு ஊரு. அங்க கோர்ட்டுல பெரிய உத்தியோகம் பாத்த பெர்மாவுக்கும் இதே புத்திதான்.

அவரு போட்ட கணக்கு லேசு. ரெண்டோட ஒண்ணு கூட்டு, 3. ரெண்டை ரெண்டால பெருக்கி ஒண்ணு கூட்டு, 5. நாலை நாலால பெருக்கி ஒண்ணு கூட்டு, 17. இப்படியே போனா 257, அப்புறம் 65537. அஞ்சும் பகா எண்ணு; ஒண்ணைத் தவிர எந்தச் சின்ன எண்ணும் மிச்சமில்லாம வகுக்காது. ஆறாவது 4294967297, அதாவது 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. இதுவும் பகா எண்ணு, இதுக்கு மேல வர்றது அத்தனையும் பகா எண்ணுன்னு 1640-ல கடுதாசி எழுதிப்புட்டாரு மனுசன். நிரூபணம் கையில இல்லைன்னும் ஒத்துக்கிட்டாரு. நீ பேங்குக்காரன்கிட்ட அதையாவது சொன்னியா?

தொண்ணூறு வருசத்துக்கு மேல அந்த எண்ணை யாரும் அசைக்கல. அப்புறம் ரஷ்யாவுல பீட்டர்ஸ்பர்க்ல இருந்த கணக்குக்காரர் ஆய்லர்கிட்ட, பெர்மா சொன்னது நெசமான்னு கோல்ட்பாக்னு இன்னொரு கணக்குக்காரர் 1729-ல கேட்டு எழுதினாரு. ஆய்லர் சண்டைக்கெல்லாம் போகல. 1732-ல ஒரே வரி: 641-ஐ 6700417-ஆல பெருக்கிப் பாரு. அம்புட்டுத்தான், கோட்டை சரிஞ்சது.

எனக்குச் சிரிப்பு வர்றது எங்க தெரியுமா? ரெண்டை 37 தடவை பெருக்கி ஒண்ணு கழிச்சா வர்ற எண்ணை 223 வகுக்கும்னு அதே 1640-லயே கண்டவரு பெர்மா. அந்த உத்தியையே இங்க போட்டிருந்தா, 64-ஆல வகுத்தா மிச்சம் 1 வர்ற பகா எண்ணுகளை மட்டும் சோதிச்சாப் போதும். 193, 257, 449, 577, 641. எண்ணிப் பாரு, அஞ்சாவது வகுத்தல்லயே குட்டு ஒடஞ்சிருக்கும். ஆயுதம் சொந்தச் சட்டைப் பையில கெடந்துச்சு. கைய விட்டு எடுக்கத்தான் சோம்பல்.

ஏழாவது எண்ணை 1880-ல லாண்ட்ரிங்கிறவரு 274177-ஆல ஒடச்சாரு. அப்ப அவருக்கு வயசு 82. கெழவனுக்கு வேலையில்லைன்னு இனிமே சொல்லாத.

இன்னைக்கு நெலவரத்தையும் கேட்டுக்க. கணக்குக்காரங்க வரிசையைச் சுழியத்துல ஆரம்பிப்பாங்க. அந்தக் கணக்குல 5-ல இருந்து 32 வரைக்கும் இருபத்தெட்டும் பகு எண்ணுன்னு தெரிஞ்சுபோச்சு. 33 இன்னும் பிடி குடுக்காம நிக்குது. பாத்தியா, இப்பவே ஒன் வாய் துறுதுறுங்குது: ‘இருபத்தெட்டும் ஒடஞ்சுது, 33-ம் ஒடையும் தாத்தா’. தாராளமா சொல்லிட்டுப் போ. அந்த எண்ணுக்கு 258 கோடிக்கு மேல இலக்கம். சரிபாக்க எவன் வரப்போறான்?