கம்பிக்கும் முழுப் பேர்

டொரன்டோ

அன்புள்ள மாமாவுக்கு,

  அங்க பலாங்கொடையில மழை விடவே இல்லையாம், அத்தை சொன்னாங்க.

உங்க மக எங்க ஹைட்ரோ பில்லை, அதாவது கரண்ட் பில்லை, படம் பிடிச்சு அனுப்பினதும், "கரண்டை விடக் கொண்டு வர்ற கூலி கூடவா இருக்கே, எவனோ ஏமாத்துறான்" என்று நீங்க சத்தம் போட்டதும் கேள்விப்பட்டேன். தேயிலைத் தோட்டத்துல செக்ரோல் எழுதின கணக்கப்பிள்ளை, உங்க கண்ணுக்கு எதுவும் தப்பாது. ஆனா இதுல ஏமாத்து இல்ல மாமா, எல்லாம் சட்டப்படிதான்.

பில்லுல எரிச்ச கரண்டுக்கு ஒரு வரிசை. அடுத்த வரிசை டெலிவரி. நயாகரா மாதிரி இடத்துல இருந்து பெரிய டவர் வழியா கொண்டு வர்ற செலவு, நம்ம தெரு போஸ்ட், டிரான்ஸ்போமர், மீட்டர், பில் அடிக்கிற கடதாசி வரைக்கும் அதுக்குள்ள. முந்தி தெருக் கம்பிச் செலவுல ஒரு பங்கு யூனிட்டைப் பார்த்து ஏறி இறங்கும். 2015இல ஒன்டாரியோ எரிசக்தி சபை, வீடுகளுக்கு அதை மாசா மாசம் ஒரே தொகையா ஆக்கணும் என்று முடிவு பண்ணி, சில வருஷத்துல படிப்படியா மாத்திட்டாங்க. ஒரு தடவை ஒரு கல்யாணத்துக்கு மொன்ட்ரியல் போனப்போ, பிரிட்ஜைத் தவிர எல்லாத்தையும் நிறுத்தியிருந்தோம். கரண்ட் சல்லி நல்லா இறங்கிருச்சு. டெலிவரி சில டொலர்தான் அசைஞ்சது. தோட்டத்துல கொழுந்து குறைஞ்சா அரைப் பேர், அரை நாள் கூலிதானே போடுவீங்க? இங்க கம்பிக்கு எப்பவும் முழுப் பேர்.

இன்னொரு கூத்து. வர்ற வழியில கம்பி சூடாகி வீணாப் போற கரண்டும் நம்ம தலையிலதான், அதுவும் டெலிவரிக்குள்ளேயே. நம்ம சமனலவெவ அணையில 1992இல தண்ணி நிரப்பினப்போ வலது கரையில ஓட்டை விழுந்துச்சே, அந்தத் தண்ணியாவது கல்தொட்ட வயலுக்குப் போச்சு. இங்க ஒழுகுறது காக்கா காலுக்குச் சூடு காட்டத்தான்.

பிறகு 13 வீதம் வரி. அதுக்குப் பிறகு, பாவம் பார்த்து அரசாங்கத் தள்ளுபடி.

நாம தூங்கினாலும் போஸ்ட் நிக்கணும், அதுக்குச் சல்லி வேணும், சரி. ஆனா நிலக்கீழ் அறையில ஒத்தை பல்ப் எரிக்கிறவனும் நீச்சல் குளம் வச்சவனும் கம்பிக்கு ஒரே தொகை கட்டுறதுதான் எனக்குச் செமிக்கல. நம்ம ஊர்க் கரண்ட் பில்லுலயும் நிலையான கட்டணம் இருக்கு. ஆனா 30 யூனிட்டுக்குள்ள நின்னா அது சின்னது, யூனிட் ஏற ஏறத்தான் அதுவும் ஏறும். லைட்டை அணைச்சிட்டு வாசல்ல உக்காந்து பேசுற உங்களுக்கு அங்க மரியாதை இருக்கு மாமா.

மணி ஏழாகப் போகுது. கிழமை நாள்ல ராத்திரி 7க்குப் பிறகுதான் கரண்ட் மலிவு. உங்க மக உடுப்பெல்லாம் குமிச்சு வச்சு, வாசிங் மெஷின் பக்கத்துல மணிக்கூட்டைப் பார்த்துக்கிட்டு நிக்கிறா. டெலிவரிக்கு மணிக்கூடு கிடையாது என்று நான் இன்னும் சொல்லல. நீங்களும் போன்ல சொல்லிறாதீங்க.

இப்படிக்கு,
உங்க மருமகன்