தொழில் என்ற கட்டத்தில் என்ன எழுதட்டும்?

அனுப்புநர்:
(இந்த இடத்தை நிரப்பத் தாங்கள்தான் உதவ வேண்டும்.)

பெறுநர்:
இந்தியத் தலைமைப் பதிவாளர் மற்றும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையர் அவர்கள்,
புது தில்லி.

பொருள்: மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027 – தொழில் விவரம் – நான் யார் என்பது குறித்துத் தெளிவுரை கோருதல் – தொடர்பாக.

பார்வை: 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புப் படிவம்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் சென்னை வேளச்சேரியில் வசிக்கிறேன். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்துவிட்டு, பைக்கில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறேன். 2021இல் வந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாவால் தள்ளிப்போய், 2027 பிப்ரவரியில் ஆட்களை எண்ண வருகிறீர்கள் என்று அறிந்து மகிழ்ந்தேன். 16 ஆண்டுகளாக அரசு என்னை எண்ணவில்லையே என்ற குறை எனக்கில்லை. அந்தப் பொறுப்பை இதற்குள் ஒரு செயலி எடுத்துக்கொண்டுவிட்டது. நான் எந்தத் தெருவில் நிற்கிறேன், எந்த ஆர்டரை வேண்டாம் என்றேன், எந்த வீட்டில் எத்தனை நட்சத்திரம் வாங்கினேன் எல்லாம் அதற்கு அத்துப்படி. பத்தாண்டுக்கு ஒருமுறை எண்ணுகிற தங்கள் அலுவலகம் அதோடு போட்டி போட முடியாது. ஆனால் என்னைப் பற்றி எல்லாம் தெரிந்த அந்தச் செயலி, நான் யார் என்று கேட்டால் மட்டும் வாயைத் திறப்பதில்லை. அதனால் தங்களிடம் வருகிறேன். 1948ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டப்படி, தெரிந்தே பொய்யான பதில் சொன்னால் அபராதம் உண்டு என்பதால், முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது என்றும் தோன்றியது.

இம்முறை சாதியையும் கேட்கப் போகிறீர்கள். அதில் எனக்குச் சிரமமில்லை. நான் பிறப்பதற்கு முன்பே அந்தப் பதில் தயாராகிவிட்டது. என் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சிக்கல் தொழிலில்தான்.

2011 படிவத்தில், வேலை செய்பவர் எந்த வகை என்பதற்கு நான்கு விடைகள் இருந்தன: வேலை கொடுப்பவர், பணியாளர், தனியாகத் தொழில் செய்பவர், குடும்பத் தொழிலில் இருப்பவர். ஒவ்வொன்றாக அணிந்து பார்த்தேன்.

முதலில், வேலை கொடுப்பவர். கம்பெனி அனுப்பும் குறுஞ்செய்திகளைப் படித்தால் நான் ஒரு சிறு முதலாளி. நேரம் என் கையில், சுதந்திரம் என் கையில். வண்டி என்னுடையது, பெட்ரோல் என்னுடையது, போன் என்னுடையது, டேட்டாவும் என்னுடையது. மழையில் வழுக்கி விழுந்தால் முழங்காலும் என்னுடையதே. இத்தனை முதலீடு போட்டும், நாளைக்கு ஒரு கிலோமீட்டருக்கு என்ன கிடைக்கும் என்பதை நாளைக்குத்தான் தெரிந்துகொள்கிறேன். இப்படியொரு முதலாளியைத் தாங்கள் எங்காவது எண்ணியதுண்டா?

சரி, பணியாளர் என்று எழுதலாமென்றால் சட்டம் குறுக்கே நிற்கிறது. 2020இல் நிறைவேறி 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்திருக்கும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், கிக் தொழிலாளி என்பவர் முதலாளி–தொழிலாளி என்ற வழக்கமான உறவுக்கு வெளியே வேலை செய்து சம்பாதிப்பவர் என்கிறது. என்னை முதன்முதலாகப் புத்தகத்தில் ஏற்றிய மத்தியச் சட்டம் அதுதான், நன்றி மறக்கவில்லை. கம்பெனிகள் தம் ஆண்டு வருவாயில் 1 முதல் 2 சதவீதம் எங்கள் நலனுக்காக ஒதுக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. ஆனால் உள்ளே கூப்பிட்டுப் பெயரை எழுதிக்கொண்டு, வெளியே உட்காரச் சொல்லியிருக்கிறது. பரவாயில்லை, வெளியே காத்திருப்பது எங்களுக்குப் பழக்கம். அபார்ட்மென்ட் கேட்டில் தினமும் அதைத்தான் செய்கிறோம்.

மூன்றாவது, தனியாகத் தொழில் செய்பவர். கிட்டத்தட்ட இதில்தான் என்னைப் போட்டுவிடுவீர்கள் என்று அஞ்சுகிறேன். தனியாகத் தொழில் செய்பவர் எப்படியிருப்பார் என்று அறிய எங்கள் தெருமுனை ஆட்டோ ஸ்டாண்டைத் தாங்கள் பார்க்க வேண்டும். சங்கப் பலகை உண்டு, கொடி உண்டு, 1995லேயே ரஜினி ‘பாட்ஷா’வில் நடித்துக் கொடுத்த கௌரவம் உண்டு. ‘அந்த ரூட்டுக்கு வரமாட்டேன்’ என்று ஆட்டோ அண்ணன் சொன்னால் சொன்னதுதான். மறுநாள் அவருக்குச் சவாரி குறையாது. நான் இரண்டு ஆர்டரை மறுத்தால் மூன்றாவது ஆர்டர் வர நெடுநேரமாகிறது. ஏன் என்று கேட்க ஆள் கிடையாது. ஆயுத பூஜைக்கு அவர் ஆட்டோவுக்கு வாழைக்கன்று கட்டிப் பொட்டு வைக்கிறார். என் ஆயுதம் போன். அதைச் சாமி முன்னால் வைத்தால், கற்பூரம் அணைவதற்குள் ஆர்டர் விழும். எடுக்காவிட்டால் இன்சென்டிவ் போகும்.

குடும்பத் தொழில் என்ற நான்காவது கட்டத்தைப் பற்றி அம்மாவிடம் கேட்டேன். அம்மா பதில் சொல்லவில்லை, கரண்டியை எடுத்தார்.

அடுத்து, வேலை செய்யும் இடம் வீட்டிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்றும், எதில் போகிறீர்கள் என்றும் 2011இல் கேட்டிருந்தீர்கள். பைக்கில் போகிறேன் என்பது எளிது. தூரம்தான் விளங்கவில்லை. ஓ.எம்.ஆரில் ஓடிக்கொண்டிருக்கும்போது நான் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறேனா, வேலையில் இருக்கிறேனா? இந்தக் கேள்விக்குக் கம்பெனி ஒரு பதில் வைத்திருக்கிறது: ஆர்டர் கையில் இருந்தால் வேலையில், இல்லாவிட்டால் சும்மா. ஹோட்டல் வாசலில் பார்சலுக்காக முக்கால் மணி நேரம் நின்றவனை அந்த முக்கால் மணி நேரத்துக்கு எந்த வகையில் எண்ணுவீர்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.

எண்ணுவது என்றதும் இன்னொரு சந்தேகம். 2020–21இல் நாட்டில் 77 லட்சம் கிக் தொழிலாளர்கள் இருப்பதாகவும், 2029–30க்குள் அது 2.35 கோடியாகும் என்றும் நிதி ஆயோக் 2022இல் மதிப்பிட்டது. அவர்கள் எண்ணியது தலைகளையா, சட்டைகளையா? நான் காலையில் ஒரு கம்பெனிச் சட்டை, மதியம் வேறொன்று, இரவில் இன்னொன்று போடுகிறேன். 2025 டிசம்பர் கடைசியில் வெளியான வரைவு விதிகளைப் பார்த்தால் சந்தேகம் கூடுகிறது. சலுகை பெற ஒரு கம்பெனியில் ஆண்டுக்கு 90 நாள், பல கம்பெனிகள் என்றால் 120 நாள் வேலை செய்திருக்க வேண்டுமாம். ஒரே நாளில் மூன்று கம்பெனிக்கு ஓடினால் மூன்று நாளாக எண்ணிக்கொள்ளலாமாம். கணக்கு எனக்குச் சாதகமானதுதான். ஆனால் ஒரு நாளை மூன்றாக்க முடியுமென்றால் ஓர் ஆளையும் மூன்றாக்கலாம் அல்லவா? வீட்டில் எத்தனை பேர் என்று கேட்கும்போது நான் கவனமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

சட்டை சாதாரண விஷயமில்லை, ஐயா. 2024 மார்ச்சில் சொமாட்டோ, சைவ உணவுக்கென்று தனி ஆட்கள், அவர்களுக்குப் பச்சைச் சட்டை, பச்சைப் பெட்டி என்று அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் மறுநாளே நிறத்தைத் திரும்பப் பெற்று, எல்லாருக்கும் சிவப்புதான் என்றது. ஒரே நாள் வாழ்ந்த அந்தப் பச்சையை நாங்கள் மறக்கவில்லை. யாரை மாடிப்படி ஏறவிடலாம், யாரைக் கீழேயே நிறுத்தலாம் என்பதை உடையைப் பார்த்தே முடிவு செய்யும் வித்தையில் இந்த நாட்டுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தங்கள் படிவத்தில் சாதிக்கும் தொழிலுக்கும் தனித்தனிக் கட்டங்கள் இருக்கின்றன. அவை மறுபடி ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும்படி மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

அட்டைகளுக்கும் எனக்குக் குறைவில்லை. ஆதார் இருக்கிறது. 2025 மத்திய பட்ஜெட்டில் எங்களுக்கு ஈ-ஷ்ரம் தளத்தில் பதிவும் அடையாள அட்டையும் அறிவித்தார்கள். தமிழ்நாடு அரசு 2023இலேயே எங்களுக்கென்று ஒரு நல வாரியம் அமைத்தது. சென்னை மாநகராட்சி 2025இல் அண்ணா நகரில் ஏ.சி. ஓய்வறையே கட்டிக் கொடுத்தது. ‘உட்காருங்கள்’ என்று ஓர் அரசு அலுவலகம் எங்களிடம் சொன்னது எனக்குப் புது அனுபவம். ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும்: இத்தனை அட்டையில் எது தொலைந்தாலும் மறுநாள் அடுப்பு எரியும். கம்பெனி ஐடி பிளாக் ஆனால் எரியாது. அது அட்டைகூட இல்லை. அவர்களுடைய கம்ப்யூட்டரில் ஒரு வரி.

அந்த ஐடியில் நுழையத் தினமும் செல்ஃபி எடுத்து, நான் நான்தான் என்று நிரூபிக்க வேண்டும். 2021இல் ஐதராபாத்தில் ஓர் ஊபர் ஓட்டுநர் திருப்பதிக்குப் போய் மொட்டை போட்டுவிட்டு வந்தார். செல்ஃபியைப் பார்த்த செயலி இது வேறு ஆள் என்று சொல்லிக் கணக்கை முடக்கிவிட்டது. பெற்ற தாய்க்கு அடையாளம் தெரிந்தது, தெருவுக்குத் தெரிந்தது. சம்பளம் கொடுப்பவருக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து எங்கள் செட்டில் நேர்த்திக்கடனுக்கு நாள் குறிப்பதற்கு முன் ரொம்பவே யோசிக்கிறார்கள்.

இனி, ஆண்டில் ஆறு மாதத்துக்குக் குறையாமல் வேலை செய்தால் முதன்மைத் தொழிலாளி, குறைந்தால் குறுகிய காலத் தொழிலாளி என்று பிரிக்கிறீர்கள். மாதக் கணக்கில் நான் சந்தேகமில்லாமல் முதன்மை. வாயால் கேட்டால் குறுகிய காலம். ‘சும்மா, வேற வேலை கிடைக்கிற வரைக்கும்’ என்றுதான் எல்லாரிடமும் சொல்கிறேன். சொல்லிச் சொல்லி ஆண்டுகள் போய்விட்டன. ஹோட்டலுக்கு எதிரே நாங்கள் நிற்கும் மரத்தடிக்குக் கணக்கெடுப்பாளரை அனுப்பிப் பாருங்கள். அங்கே ஒருவர் குரூப் 4 எழுதுபவர். ஒருவர் துபாய் விசாவுக்குக் காத்திருப்பவர். ஒருவர் உதவி இயக்குநர். ரைடர் என்று ஒருவரும் அங்கே இல்லை. எதிரே ஹோட்டலில் பார்சல் தயாரானதும் அத்தனை பேரும் ரைடராகிவிடுவார்கள்.

இந்தக் கூச்சத்துக்குக் காரணம் வேலையின் கஷ்டமில்லை. மூட்டை தூக்குகிற எங்கள் பெரியப்பா தன் தொழிலைச் சொல்ல ஒருநாளும் தயங்கியதில்லை. அவர் தொழிலுக்குக் கூலி பேச ஒரு மேஸ்திரி இருந்தார், மேஸ்திரியோடு சண்டை போட ஒரு சங்கம் இருந்தது. எனக்குச் சண்டை போடக்கூட எதிரே ஓர் ஆள் இல்லை. எனக்குப் பெண் பார்த்தபோது தரகர் ஜாதகத்தோடு தந்த குறிப்பில் ‘லாஜிஸ்டிக்ஸ் துறை’ என்று எழுதியிருந்தார். பெண்ணின் தாய்மாமன் அதையெல்லாம் ஒதுக்கிவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: “தம்பி, பி.எஃப். பிடிக்கிறாங்களா?” மத்தியச் சட்டத்துக்கே பக்கம் பக்கமாக எழுதியும் பிடிபடாத விஷயம் அந்த மாமாவுக்கு மூன்று சொல்லில் முடிந்துவிட்டது.

ஆளே மாறிப்போவதும் உண்டு. இயல்பில் நான் முன்கோபி. இப்போது நட்சத்திரம் குறையுமே என்று, தவறான லொகேஷன் போட்டவரிடமும் நானே மன்னிப்புக் கேட்கிறேன். போன வாரம் அம்மாவுக்கு மாத்திரை வாங்கிவரச் சற்றுத் தாமதமானது. கதவைத் திறந்ததும் என்னை அறியாமல் “சாரி மேடம்” என்றேன். அம்மா என் நெற்றியில் கைவைத்துப் பார்த்தார். காய்ச்சல் இல்லை.

என் குழப்பத்துக்கு நாடு கடந்தும் தெளிவு தேடினேன். ஊபர் ஓட்டுநர்கள் தொழிலாளிகள்தான் என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. கட்டணத்தை யார் முடிவு செய்கிறார், மறுத்தால் யார் தண்டிக்கிறார் என்றெல்லாம் பார்த்துத்தான் அந்த முடிவுக்கு வந்தது. அதற்கு மூன்று மாதம் முன்பு கலிபோர்னியாவில் வாக்கெடுப்பு நடத்தி, அவர்கள் சுயதொழில் ஒப்பந்தக்காரர்கள் என்று முடிவு செய்திருந்தார்கள். அதே கம்பெனி, அதே ஸ்டியரிங். நான் யார் என்பது நான் செய்யும் வேலையைப் பொறுத்ததில்லை. எனக்கு யார் என்ன கொடுக்க வேண்டியிருக்கும் என்பதைப் பொறுத்தது என்று அதிலிருந்து விளங்கிக்கொண்டேன்.

இந்த நேரத்தில் தங்கள் கணக்கெடுப்பாளரையும் நினைத்துப் பார்க்கிறேன். பெரும்பாலும் பள்ளிக்கூட டீச்சராக இருப்பார். முதன்முறையாக டிஜிட்டல் கணக்கெடுப்பு என்பதால், சொந்தப் போனில் செயலியைத் திறந்துவைத்துக்கொண்டு வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்குவார். காலிங் பெல் அடிப்பார், செக்யூரிட்டி நோட்டில் கையெழுத்துப் போடுவார், பூட்டிய வீட்டுக்கு மறுபடி வருவார். வேலை முடிந்ததும் மதிப்பூதியம். அத்தனையும் நான் செய்வதுதான். ஆனால் அவரை யாரும் ‘செயலி வைத்திருக்கும் சுதந்திரமான பெண்மணி’ என்று சொல்லமாட்டார்கள். டீச்சர் என்றுதான் சொல்வார்கள். ஏனென்றால் அவர் என்ன வேலை செய்தாலும், இவர் எங்கள் ஆள் என்று சொல்ல ஓர் அரசாங்கம் இருக்கிறது.

எனவே தங்களிடம் மூன்று கோரிக்கைகள்.

ஒன்று: வேலை தேடிக்கொண்டே வேலை செய்பவரையும், வேலை செய்துகொண்டே காத்திருப்பவரையும் எண்ணத் தங்கள் டீச்சர்களுக்குப் பயிற்சி கொடுங்கள்.

இரண்டு: மூன்று சட்டை போட்டாலும் என்னை ஒரே ஆளாக எண்ணுங்கள். ஆனால் மூன்று சட்டைக்காரர்களையும் எண்ணிக்கொள்ளுங்கள். என்னைக் கணக்கெடுத்துவிட்டு என்னை ஓட்டுபவர்களை விட்டுவிட்டால் கணக்கு பாதிதான்.

மூன்று: அந்த நான்கு விடைகளுக்குக் கீழே ஐந்தாவதாக ஒன்றைச் சேர்க்க வேண்டுகிறேன். வாசகத்தை நானே எழுதித் தருகிறேன்: ‘பணியாளர் – முதலாளி ஒப்புக்கொள்ளவில்லை’. இதற்கு எதிரே டிக் அடித்தால் பொய் சொன்ன குற்றம் என் மேல் வராது. யார் மேல் வரும் என்பதைத் தொழிலாளர் நலத் துறை பார்த்துக்கொள்ளட்டும்.

தங்கள் உண்மையுள்ள,
முதன்மைத் தொழிலாளி,
வேளச்சேரி, சென்னை.

நகல்: தொழிலாளர் மற்றும் வேலைவாய்ப்பு அமைச்சகம், புது தில்லி – ‘வழக்கமான உறவுக்கு வெளியே’ என்ற இடத்தின் முகவரியும் லொகேஷனும் அனுப்பிவைக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறது.